காலைப் பிடித்துப் பெண் கேட்ட கதை

உயரத்துக்கும் எனக்கும் ஜென்மப் பகை. ஃபேன் துடைக்க ஸ்டூல் மேல் ஏறினாலே என் முழங்கால் இரண்டும் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும். (பல்பு மாற்ற ஆள் கூப்பிட்டவன் நான். வந்த எலக்ட்ரீஷியன் பல்பையும் பார்த்து என்னையும் பார்த்து, "இதுக்கா சார் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம், இதுக்குத்தான்.) இப்படிப்பட்டவன் பெண் கேட்கப் போவதென்றால் எங்கே போக வேண்டும்? பெண் வீட்டுக்கு. சோபாவில் உட்கார்ந்து, காபியைக் குடித்து, பவ்யமாகக் கேட்டுவிட்டு வர வேண்டும். நான் போனது ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்கு மேலே, ஒரு பிரம்புக் கூடையில்.

அப்போது நான் ஈரோட்டிலிருந்து வந்து டிரெஸ்டனில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிலானி அதே ஊரில் நர்ஸ். கொலோனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண். எங்கள் விஷயம் இரண்டு வீட்டிலும் தெரிந்து, அழுகை, ஆர்ப்பாட்டம் எல்லாம் முடிந்து, ஒவ்வொருவராக வழிக்கு வந்துவிட்டார்கள். அவளுடைய அப்பா அன்ரன் மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. மதம் அவருக்குப் பிரச்னை இல்லை. சாதி, ஜாதகம் எதுவும் இல்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இந்தியாப் பிள்ளையள் விசா முடிஞ்சா ஊருக்குப் போயிடுவினம். போகேக்க என்ர பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போயிடுவார். பிறகு நான் ஆரைப் பார்க்கிறது?"

நியாயமான கேள்வி. ஒரே மகள். ஊரை விட்டு ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து வந்த மனிதர், மகளையும் இன்னொரு ஊருக்கு அனுப்பச் சம்மதிப்பாரா? போனில் நான் எத்தனையோ முறை, "அப்படியெல்லாம் போக மாட்டேனுங்க அங்கிள்" என்று சொல்லிப் பார்த்தேன். "ம்" என்பார். அந்த "ம்" எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி இன்னும் வரவில்லை.

அந்தக் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கோடையைப் பார்க்காதவர்களுக்கு அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பேன். குளிர்காலம் முழுக்க லிஃப்டில் நம் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்த அதே பக்கத்து வீட்டுக்காரர், ஜூலையில் எல்பே ஆற்றங்கரைப் புல்வெளியில் அரை டவுசரோடு மல்லாந்து படுத்துக்கொண்டு நமக்குக் கையசைப்பார். ஊரே அங்கேதான் இருக்கும். ஒரு பக்கம் கரி அடுப்பில் இறைச்சி வாட்டுவார்கள், ஒரு பக்கம் குழந்தைகள் தண்ணீரில் கும்மாளம் போடும், பெரிய சக்கரம் வைத்த பழைய நீராவிக் கப்பல் புகை விட்டுக்கொண்டு போகும். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும். சாயங்காலமானால் அந்தப் புல்வெளியிலிருந்து பெரிய பெரிய பலூன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். தேநீரும் கையுமாக சமையலறை ஜன்னலில் நின்று அவற்றைப் பார்ப்பேன். என்ன அழகு! கீழேயிருந்து பார்க்க எவ்வளவு அழகு!

அந்தப் பலூனில்தான் இரண்டு பேர் போவதற்கு டிலானி தன் அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். அப்பாவும் மகளுமாகப் போவதாக ஏற்பாடு. முதல் தடவை மழை, ரத்து. அடுத்த தடவை காற்று, ரத்து. மூன்றாம் தடவை அவர் கொலோனிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்துவிட்டார், காற்றும் ஒத்துக்கொண்டது, டிலானியோடு வேலை செய்பவளுக்குத்தான் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"எனக்கு இண்டைக்குப் பின்னேர வேலை போட்டிட்டினம். கதிர், நீங்கள் அப்பாவோட போங்கோ."

"எங்கே?"

"மேல."

உயரம் என்றால் எனக்குக் கொஞ்சம்... என்று இழுத்தேன்.

"இதை விட்டா அப்பாவோட தனியக் கதைக்க உங்களுக்கு வேற சந்தர்ப்பம் வராது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருப்பார். இடையில எழும்பிப் போகவும் அவரால ஏலாது."

என்னாலும் ஏலாதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எப்போதோ போனில் அவரைக் கவர்வதற்காக, "ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் அடிக்கடி ஏறுவேனுங்க" என்று விட்டிருந்தேன். (ஏறியது பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் நான் கண்ணைத் திறந்ததே இல்லை.) பின்னாலேயே டிலானியின் மெசேஜ் வந்தது: 'உறுதியான சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கோ!!!' ஓடிப்போய்ப் புதுசாகத் தோல் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனேன்.

அன்ரன் அங்கிள் முன்பே வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, பிறந்தநாளுக்கு வாங்கிய கறுப்புச் சப்பாத்து; அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். "வாங்கோ தம்பி" என்றார். அதோடு சரி. பலூன் ஓட்டும் பெண்ணின் பெயர் ஹைக்கே. ஆறடி உயரம், இடுப்பு வரை ஒற்றைப் பின்னல். அவளும் உதவியாள் ஒருவரும் வேனிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இறக்கி, அவிழ்த்து, புல்லின் மேல் விரிக்க ஆரம்பித்தார்கள்.

துணி!

எங்கள் வீட்டில் ஜவுளி வியாபாரம். ஈரோட்டுச் சந்தையில் துணியோடு துணியாக உருண்டு வளர்ந்தவன் நான். ஆனால் அப்படி ஒரு துணியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சிவப்பும் மஞ்சளுமாக விரிகிறது, விரிகிறது, விரிந்துகொண்டே போகிறது. எங்கள் தெருவுக்கே பந்தல் போடலாம். என்னை அறியாமல் குனிந்து ஓரத்தை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன். தையல் பிரமாதம். உயரத்தையெல்லாம் மறந்து அப்படியே மலைத்துப்போய் நின்றேன். அப்போது ஹைக்கே, இங்கே வந்து பலூனின் வாயைப் பிடி என்று எனக்குச் சைகை காட்டினாள். அங்கே போக வேண்டுமானால் துணியின் ஒரு மடிப்பைத் தாண்ட வேண்டும்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. விரித்த துணி மேல் செருப்புக்கால் படக்கூடாது. பட்டால் முதுகில் அப்பாவின் கை படும். ஆகவே என் மூளையைக் கேட்காமலே என் கைகள் ஷூவைக் கழற்றின. சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, ஜோடியாகப் புல்லில் ஓரமாக வைத்தேன்.

அங்கிள் பார்த்தார். "இஞ்சயும் கழட்ட வேணுமோ?"

"துணிங்களே அங்கிள்."

"ஓம், அதுவும் சரிதான். எங்கட மாதா கோயிலுக்குள்ளயும் கழட்டிப்போட்டுத்தான் போறது." அவரும் கழற்றி என் ஷூவுக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தார்.

ஆளுக்கொரு பக்கம் வாயைப் பிடித்துக்கொண்டோம். பெரிய மின்விசிறி உள்ளே காற்றை ஊதியது. துணி அலையலையாக எழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். சாயங்கால வெயில் துணி வழியாக இறங்கி, உள்ளே இருந்த புல் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தது. ஒரு கல்யாண மண்டபமே அதற்குள் அடங்கும். "என்ர மாதாவே!" என்றார் அங்கிள். நானும் அதையேதான் சொல்ல நினைத்தேன், மாதாவுக்குப் பதில் மாரியாத்தா. அடுத்து ஹைக்கே நெருப்பைத் திறந்தாள். புஸ்ஸென்று தீ சீறியது. படுத்திருந்தது எழுந்து நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே ஓட்டம். "ஏறு, ஏறு, சீக்கிரம்!" என்று உதவியாள் கத்த, கூடையில் இருந்த ஓட்டைகளில் காலை வைத்து நாங்களும் ஒரு ஜெர்மன் தம்பதியும் உள்ளே விழுந்தோம். (வெறுங்கால் விரல்களுக்கு அந்த ஓட்டைகள் அளவெடுத்துச் செய்தது போல் இருந்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

கிளம்பியதே தெரியவில்லை. ஆட்டம் இல்லை, குலுக்கல் இல்லை. பூமிதான் எங்களை விட்டுக் கீழே போனது. நான் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். எனக்கு அது ஆயுளுக்கும் போதும். அப்படியே சரிந்து கூடையின் தரையில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்குக் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கைக்குக் கிடைத்தது அன்ரன் அங்கிளின் இரண்டு கால்கள்.

மேலேயிருந்து அவர் குரல் வந்தது. "தம்பி."

"சொல்லுங்க அங்கிள்."

"எங்கட சப்பாத்து..."

கண்ணைத் திறக்காமலே என் கால் விரல்களை அசைத்துப் பார்த்தேன். வெறுங்கால்.

"அந்தா, கீழ நிக்குது. ரெண்டு சோடியும். வடிவா அடுக்கி வைச்சிருக்கிறீங்கள்."

மனிதர் கோபமாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கக் கண்ணைத் திறக்க வேண்டும். நான் காலை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"தம்பி, மலையெல்லாம் ஏறுவன் எண்டு சொன்னனீங்கள்?"

"அது வேற உயரமுங்க அங்கிள்."

"ம்."

பிறகு, சந்தர்ப்பம் பார்த்துக் கேட்டார் பாருங்கள்! "சரி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. விசா முடிஞ்சா ஊருக்குப் போயிடுவீங்களோ?"

"நான் எங்கேயும் போக மாட்டேனுங்க! சத்தியமா! இங்கேருந்து ஒரு இஞ்ச் கூட நகர மாட்டேன்!" என்று அலறினேன். என் வாழ்க்கையில் அதைவிட உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை.

ஜெர்மன் அம்மாள் பதறிப்போய்விட்டாள். அவளுக்கு நாங்கள் பேசியது எதுவும் புரியாது. அவள் கண்ட காட்சி இதுதான்: வளர்ந்த ஆம்பளை ஒருவன் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து, வெறுங்காலோடு நிற்கும் ஒரு பெரியவரின் கால்களைக் கட்டிக்கொண்டு கத்துகிறான். இவருக்கு என்ன ஆயிற்று, ஏன் இப்படிச் செய்கிறார் என்று ஜெர்மனில் கேட்டாள். ஹைக்கேயும் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு மானம் போயிற்று. அங்கிளுக்கு அதைவிட. முன்பின் தெரியாதவர்கள் எதிரில், தன்னோடு வந்த பையன் பயந்தாங்கொள்ளி என்று எப்படிச் சொல்வார்? தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அட்சர சுத்தமான ஜெர்மனில், நிதானமாகச் சொன்னார்: "ஒன்றுமில்லை. அது எங்கள் வழக்கம். மருமகன் மாமனாரின் காலைப் பிடித்து ஆசி வாங்க வேண்டும்."

"இவ்வளவு நேரமா?" என்றாள் அந்த அம்மாள்.

"நல்ல மருமகன் என்றால் அவசரப்பட மாட்டார்."

என் ஜெர்மன் அப்போது அரைகுறை. பேக்கரியில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். (அவர்கள் பேசியதன் முழு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.) ஆனால் மருமகன் என்பதற்கு ஜெர்மனில் என்ன என்று மட்டும் எப்போதோ தேடிப் படித்து வைத்திருந்தேன், ஒரு ஆசையில். 'ஷ்வீகர்ஸோன்.' அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள். அவர் முகத்தைப் பார்க்க எழுந்தேன். பார்த்தது அதற்குப் பின்னால் இருந்ததை.

ஐயோ! எதை என்று சொல்வேன்? ஆறு பொன் பூசிய மாதிரி வளைந்து வளைந்து போகிறது. பழைய நகரத்தின் கோபுரங்களும் கலசங்களும் கைக்கடக்கமாக நிற்கின்றன. 'நீல அதிசயம்' என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கும் இரும்புப் பாலம், குழந்தை மறந்துவிட்டுப் போன விளையாட்டுச் சாமான் போலக் கிடக்கிறது. கரையோரச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் வரிவரியாக. தூரத்தில், கிழக்கே, தட்டையான தலை வைத்த மணற்கல் மலைகள். காற்றோடு காற்றாகப் போவதால் மேலே காற்றே இல்லை. தலைமுடி ஒன்று கூட அசையவில்லை. கீழே பேசுவது கேட்கிறது! ஒரு மொட்டை மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் "குட்டன் ஆபென்ட்!" என்று மாலை வணக்கம் சொல்லிக் கையசைத்தார்கள். எங்கோ ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது. நான் பயப்பட மறந்துவிட்டேன். வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் அங்கிளின் கண் கலங்கியிருக்கிறது.

"முப்பது வருசத்துக்கு மேல இந்த நாட்டில இருக்கிறன் தம்பி. வேலை, வீடு, வேலை. பஸ் ஜன்னலால கண்டதுதான். இது இவ்வளவு வடிவான நாடெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." மூக்கை உறிஞ்சினார். "இது எங்க போய் இறங்கும்?"

ஹைக்கேயிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். காற்றுக்குத்தான் தெரியுமாம்.

"நானும் அப்பிடித்தான் வந்தனான்" என்றார் அங்கிள்.

சூரியன் மேற்குக் குன்றுகளுக்குப் பின்னால் போய்விட்டது. ஹைக்கே பலூனைத் தாழ்த்தி ஒரு வயலின் மேல் தவழவிட்டாள். மான் ஒன்று எங்களைக் கண்டு துள்ளி ஓடியது. பிறகு ஹைக்கே எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு நெருப்பைத் திறந்தாள். நாங்கள் மேலே போகப் போக, மறைந்த சூரியன் குன்றுக்கு மேலே திரும்பி வந்தது! சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே மேற்கில் ஒரே சூரியனை அன்றைக்கு இரண்டாம் முறை பார்த்தேன். அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கும்பிட்டுக்கொண்டேன்.

இறங்கும்போது எல்லோரும் முழங்காலை மடக்கி உட்காருங்கள் என்றாள் ஹைக்கே. அது ஒன்றுதான் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. டம் என்று ஒரு இடி, இன்னொரு இடி, கூடை சாய்ந்து, எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக வெளியே உருண்டோம். நான் எழுந்து நின்று ஒரு அடி வைத்தேன்.

"ஆத்தாடி!"

அறுவடை முடிந்த பார்லி வயல். அடித்தாள்கள் கத்தரித்துவிட்டது போல் குத்திட்டு நின்றன, ஆணி மெத்தை விரித்தாற்போல. பின்னாலேயே அங்கிளின் குரலும் கேட்டது, மாதாவையும் அந்தோனியாரையும் சேர்த்து அழைத்து.

நல்லவேளை, சுருங்கிய பலூன் துணி வயலில் பரந்து கிடந்தது. இரண்டு பேரும் ஒரே தாவாக அதன் மேல் ஏறி நின்றோம். அதிலிருக்கும் காற்றை மிதித்து வெளியேற்ற வேண்டுமாம். எங்கள் வெறுங்காலைப் பார்த்ததும் ஹைக்கேவுக்கு ஒரே ஆனந்தம். இத்தனை பேரை ஏற்றிப் போயிருக்கிறாளாம், துணிக்கு இப்படி மரியாதை கொடுத்தவர்கள் யாரும் இல்லையாம். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் ஒரு முனையிலிருந்து துணியைச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். நாங்கள் பின்வாங்கிக்கொண்டே போனோம். கடைசியில் ஒரு கைக்குட்டை அளவு துணியில் நானும் அவரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதையும் உருவிக்கொண்டார்கள். வண்டிப்பாதை ஒரு கிரிக்கெட் மைதானத் தூரத்தில் இருந்தது.

"ஏறுங்க அங்கிள்" என்று முதுகைக் காட்டினேன்.

"விசரே உமக்கு? நான் பாரம்."

"மாமனாரைச் சுமக்கிறதும் எங்க வழக்கமுங்க."

சிரித்துவிட்டார். ஏறினார். பாரம்தான். ஒவ்வொரு அடிக்கும் தாள் உள்ளங்காலில் இறங்கியது; நான் எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் என் காதருகே அவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, என்னை விழுத்தினாலும் பரவாயில்லை. பிள்ளையை மட்டும் விழுத்திப்போடாதையும்."

"மாட்டேனுங்க மாமா" என்றேன். கண்ணீர் கண்ணை மறைத்தது, கால் இடறியது, அவரைக் கீழே போட்டேன்.

அவர் இஸ்திரி சட்டையில் மண்ணும் வைக்கோலுமாக எழுந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. முதன்முறை பலூனில் போனவர்களுக்கு அங்கே ஒரு சடங்கு உண்டு. பாதையோரத்தில் எங்களை வரிசையாக மண்டியிட வைத்தார்கள். ஹைக்கே ஒவ்வொருவர் தலையிலும் ஒரு மயிர்க்கற்றையைப் பிடித்து, தீக்குச்சியால் பொசுக்கி, அதை ஷாம்பெயின் ஊற்றி அணைத்தாள். (முடி இறக்குவது நமக்குப் புதுசா? நான் தைரியமாகத் தலையைக் கொடுத்தேன்.) பிறகு பட்டம் சூட்டினாள். எனக்கு 'மேகங்களின் காவலன், வெறுங்கால் கதிர் பிரபு'. மாமாவுக்கு 'அஞ்சாத அன்ரன் பிரபு'. இன்று எந்த நிலத்தின் மேல் பறந்தீர்களோ அந்த நிலமெல்லாம் இனி உங்களுடையது என்று கம்பீரமாக அறிவித்தாள். அதுவும் சடங்கில் ஒரு வேடிக்கை. ஜெர்மன் தம்பதி கைதட்டிச் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, தலையிலிருந்து ஷாம்பெயின் சொட்டச் சொட்ட, அந்த வயல்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்ப இந்தக் காணியெல்லாம் எங்கடயோ?"

"அப்படித்தான் சொல்றாங்க மாமா."

புல்வெளிக்குத் திரும்பியபோது வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. டிலானி வேலை முடிந்து நேரே வந்து, இரண்டு ஜோடி சப்பாத்துக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் செய்த முதல் காரியம் அவற்றைப் போட்டோ எடுத்ததுதான். (அன்றைய நாளுக்கு எங்களிடம் இருக்கும் ஒரே போட்டோ அது. மேலே போன இரண்டு பேரில் ஒருவருக்கும் போனை எடுக்கும் எண்ணமே வரவில்லை.) எங்கள் கோலத்தைப் பார்த்தாள். என்னிடம் கண்ணால் கேட்டாள், என்ன ஆயிற்று என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"பிள்ளை, என்ர பங்குக் காணியை இவருக்குச் சீதனமாக் குடுத்திட்டன்."

"எந்தக் காணி அப்பா? எங்களிட்டக் காணி எங்க கிடக்கு?"

அவர் ஆற்றுக்கு அப்பால் கை நீட்டி, கிழக்குத் திசை முழுவதையும் காட்டினார். "உவ்வளவும். காணியை விட்டிட்டு ஆரும் ஊருக்குப் போவினமோ? இனி இவர் இஞ்சதான்."

வருஷங்கள் ஓடிவிட்டன. உயரப் பயம் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது டிலானிதான். மாமா கொலோனிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு நாளாவது என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வயல்களைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். வேலியோரம் நின்று, "இந்த முறை விளைச்சல் பரவாயில்லை" என்பார். இரண்டு பேரும் ஷூ போட்டிருக்கிறோமா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். ஒவ்வொரு குளிர்காலத்திலும், நாலு மணிக்கே இருட்டி, உடம்பெல்லாம் விறைத்து, "பேசாமல் ஈரோட்டுக்கே போய்விடலாமா?" என்று நான் புலம்ப ஆரம்பிப்பேன். அப்போது எங்கள் ஏழு வயது மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைக் கூடத் தூக்காமல், அவள் தாத்தாவின் குரலிலேயே கேட்பாள்:

"அப்ப காணியை ஆர் பார்க்கிறது?"